1953 செவ்ரலே 3100-க்கு ஐந்து கியர்: ஒரு பழைய பிக்கப்பின் கியர்பாக்ஸ் தேர்வு

வண்டி 1953 செவ்ரலே 3100, அரை டன் பிக்கப். 1947 கோடையில் வெளிவந்து 1955 தொடக்கம் வரை தயாரான 'அட்வான்ஸ் டிசைன்' வரிசையைச் சேர்ந்தது. 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜின், ஸ்டியரிங் தண்டில் மூன்று கியர், 6 வோல்ட் பேட்டரி, ஆறு போல்ட் சக்கரம். பாடி வேலை, பெயின்ட், ஒயரிங் எல்லாம் முடிந்துவிட்டன. இன்ஜினையும் முழுதாகப் பிரித்துச் சேர்த்தாயிற்று. மிச்சமிருந்த குறை ஒன்றுதான். வண்டியின் சொந்தக்காரர் டெக்ஸாஸ் மாநிலத்து ஆஸ்டினில் இருக்கும் நண்பர். இதில் ஏறி ஃபிரெடரிக்ஸ்பர்க் வரை போய்வர வேண்டும் என்பது அவர் ஆசை. 290-ஆம் நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைலைத் தொட்டால் இன்ஜின் கதறியது.

"ஃபைவ் ஸ்பீடு போட்டுட்டா சரியாயிடும்ல?" என்று கேட்டார். எந்த ஃபைவ் ஸ்பீடு என்பதைப் பொறுத்தது அது. தப்பானதைப் போட்டால் பணமும் உழைப்பும் போய், பின் அச்சில் ஒரு ஜோடி பற்சக்கரம் மாற்றியிருந்தால் கிடைத்திருக்கும் பலன்தான் கையில் நிற்கும். அது ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் பெரும்பகுதி.

இன்ஜினுக்கு என்ன அவசரம்?

216 இன்ஜின் மெதுவாகச் சுற்றிப் பாரம் இழுக்கப் பிறந்தது. திறன் 90 குதிரைகளை ஒட்டித்தான் வரும். ஆனால் சுமார் 175 பவுண்டு-அடி முறுக்குவிசையைக் கீழ்ச்சுற்றிலேயே கொடுத்துவிடும். பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்குகள் இதில் இன்றைய இன்ஜின்களில் இருப்பதுபோல் கழற்றி மாற்றும் ஷெல்கள் அல்ல. பேபிட் என்ற மென்மையான உலோகக் கலவையை உருக்கி ராடிலேயே ஊற்றிக் கடைந்தவை. அவற்றுக்கு ஆயிலை பம்பு அழுத்தித் தள்ளுவதும் இல்லை. ராடின் அடியில் இருக்கும் டிப்பர், ஆயில் பேனில் உள்ள தொட்டியிலிருந்து அள்ளிக்கொள்கிறது. வேகம் கூடினால் குழாய் முனையிலிருந்து பீய்ச்சும் ஆயிலை டிப்பர் எதிர்கொண்டு வாங்குகிறது. ஊருக்குள் ஓட்ட இது தாராளம். மணிக்கணக்கில் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓட்டினால் பேபிட் தாங்காது. பழைய செவ்ரலே மெக்கானிக்குகள் '216-ஐ விரட்டாதே' என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

இன்ஜினையே மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். 1954 முதல் இதே பிக்கப்பில் வந்த 235 இன்ஜினில் ராடு பேரிங்குகளுக்கு அழுத்தத்தில் ஆயில் போகிறது. நியாயமான வழிதான். ஆனால் நண்பர் 216-க்கு அப்போதுதான் செலவு செய்து முடித்திருந்தார். வண்டியோடு வந்த இன்ஜின் வண்டியோடு இருக்கட்டும் என்பது அவர் முடிவு. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்தது கணக்கு. மணிக்கு எத்தனை மைல் என்பதை 336-ஆல் பெருக்கி, மொத்த கியர் விகிதத்தால் பெருக்கி, டயரின் விட்டத்தை அங்குலத்தில் வைத்து வகுத்தால் இன்ஜின் சுற்று வந்துவிடும். இந்த வண்டியின் டயர் 28.5 அங்குலம். பின் அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கர ஜோடியான கிரவுன்-பினியனின் விகிதம் 4.11. மூன்றாவது கியர் நேரடி, அதாவது 1.00. ஆக 60 மைலில் சுமார் 2,900 சுற்று. அதை 2,000-ஐ ஒட்டிக் கொண்டுவர வேண்டும் என்று இலக்கு வைத்தோம். அந்தச் சுற்றில் 216 நிம்மதியாக ஓடும், முறுக்குவிசையும் குறையாமல் இருக்கும்.

மேசைக்கு வந்த பெட்டிகள்

முதலில் வந்த யோசனை எஸ்எம்420. அந்தக் காலத்து செவ்ரலே லாரிகளின் நான்கு கியர் பெட்டி, வார்ப்பிரும்பு, சாகாது. மூன்றைவிட நான்கு மேல்தானே என்று தோன்றும். ஆனால் அதன் விகிதங்களைப் பாருங்கள்: முதல் கியர் 7.05, நான்காவது 1.00. கூடுதலாகக் கிடைக்கும் கியர் கீழே இருக்கிறது, மேலே இல்லை. 4.11 அச்சோடு சேர்ந்தால் முதல் கியரின் மொத்த விகிதம் 29. ஏர் உழலாம். நெடுஞ்சாலையில் பழைய 2,900 சுற்று அப்படியே நிற்கும். பழைய பிக்கப் வாங்குகிற பலர் 'ஃபோர் ஸ்பீடு' என்ற சொல்லைப் பார்த்து இதில் ஏமாறுகிறார்கள்.

அடுத்து, பெட்டியைத் தொடாமல் கிரவுன்-பினியனை மட்டும் 3.55 ஆக்குவது. 1950-களின் தொடக்கத்தில் பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் போட்ட செவ்ரலே கார்களில் வந்த விகிதம் இது. பிக்கப்பின் பழைய அச்சுக்கும் பொருந்தும் ஜோடி இப்போது புதிதாகவே கிடைக்கிறது. 60 மைலில் 2,500 சுற்று. செலவு குறைவு, வெளியே ஒன்றும் தெரியாது, ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியர் கைப்பிடி அப்படியே இருக்கும். அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும்: தரையில் கியர் கம்பி இல்லாவிட்டால் முன் சீட்டில் மூன்று பேர் கால் நீட்டி உட்காரலாம். உண்மையைச் சொன்னால், வண்டி ஊருக்குள்ளும் சமதரையிலும் மட்டும் ஓடுவதாக இருந்தால் நான் இதோடு நிறுத்தியிருப்பேன்.

ஆனால் 290 சமதரை இல்லை. டிரிப்பிங் ஸ்பிரிங்ஸ் தாண்டியதும் மேடும் பள்ளமும்தான். 3.55 போட்டால் மேட்டில் மூன்றாவது கியர் திணறும். இரண்டாவதுக்கு இறக்கலாம் என்றால் அதன் விகிதம் 1.68. 45 மைலில் இறக்கினால் இன்ஜின் 3,100-ஐத் தாண்டிவிடும். எதைக் காப்பாற்ற இந்த வேலையைத் தொடங்கினோமோ அதையே மேட்டுக்கு மேடு சோதிப்பதாக முடியும். மூன்று கியர் பெட்டியில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே இருக்கும் அந்தப் பெரிய இடைவெளிதான் இங்கே வினை.

மூன்றாவது யோசனை எனக்குப் பிடித்தமானது: மூன்று கியரோடு போர்க்-வார்னர் ஆர்10 ஓவர்டிரைவ், அதாவது இன்ஜினைவிட வேகமாக ஷாஃப்டைச் சுற்றவைக்கும் கூடுதல் கியர். செவ்ரலே கார்களில் 1955 முதல் இதைக் கூடுதல் வசதியாகக் கொடுத்தார்கள். விகிதம் 0.70. ஸ்டியரிங் தண்டின் கியர் கைப்பிடி போகாது, காலத்துக்கும் பொருந்தும். சிக்கல் மூன்று. செவ்ரலே பெட்டிகளில் ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தம் (சோலனாய்டு) 12 வோல்ட், இந்த வண்டி 6 வோல்ட். நல்ல நிலையில் கிடைப்பது அரிது. மூன்றாவதுதான் முக்கியம்: ஓவர்டிரைவை இயக்கத்தில் வைத்துவிட்டு வேகம் குறைந்தால் பெட்டி ஃப்ரீவீலுக்குப் போய்விடும், இறக்கத்தில் இன்ஜின் பிடிக்காது. நான்கு டிரம் பிரேக்கை மட்டும் நம்பி மலைச்சரிவில் இறங்க நண்பர் தயாராக இல்லை. நானும் வற்புறுத்தவில்லை.

புதிய பெட்டிகளில் டிரெமெக் டிகேஎக்ஸ் அருமையான பொருள். 600 பவுண்டு-அடி தாங்கும். இங்கே இருப்பதோ 175. கொசுவுக்குப் பீரங்கி எதற்கு? ஜிஎம் பிக்கப்புகளில் வந்த என்வி3500-க்கு நல்ல விகிதங்கள் உண்டு. ஆனால் அதன் பெல் ஹவுசிங் (இன்ஜினையும் பெட்டியையும் இணைக்கும், கிளட்சை மூடும் கூடு) பெட்டியோடு ஒரே வார்ப்பு, 216-இன் முதுகில் மாட்ட வழியில்லை. என்வி4500 வார்ப்பிரும்பு, 195 பவுண்டு எடை. ஒரு டன் லாரிக்குச் சரி.

எல்லாம் கழித்து நின்றது டி-5. போர்க்-வார்னர் 1980-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த அலுமினிய ஐந்து கியர் பெட்டி, 75 பவுண்டு எடை. 1996-இல் இந்தத் தொழில் டிரெமெக்கிடம் போனது. மஸ்டாங், கமாரோ, செவ்ரலே எஸ்-10 என்று பல வண்டிகளில் வந்திருக்கிறது. கமாரோவின் பெட்டி காருக்குள் 17 டிகிரி சாய்ந்து உட்காரும்படி செய்யப்பட்டது. நிமிர்த்தி மாட்டினால் கியர் கம்பி சாயும். மஸ்டாங்கில் கம்பி பின்னால் தள்ளி இருக்கிறது, பெஞ்ச் சீட்டின் முன்விளிம்பில் இடிக்கும். எஸ்-10-இல் நிமிர்ந்தும் முன்னால் தள்ளியும் இருக்கிறது. 3100-இன் தரையில் கழற்றக்கூடிய மூடி இருக்கும் இடத்துக்கு ஏறக்குறைய நேராக வரும். அதனால்தான் இந்த வரிசை பிக்கப்புக்காரர்கள் எஸ்-10 பெட்டியைத் தேடி அலைகிறார்கள்.

எல்லா எஸ்-10 பெட்டியும் ஒன்றல்ல

இங்கேதான் நிறைய பேர் வழுக்குகிறார்கள். எஸ்-10-இன் டி-5 பெட்டிகளில் ஐந்தாவது கியர் ஆண்டையும் இன்ஜினையும் பொறுத்து 0.72 முதல் 0.86 வரை மாறும். 0.86 என்றால் 60 மைலில் 2,500 சுற்று. 3.55 கிரவுன்-பினியன் மட்டும் போட்டால் வரும் எண்ணும் அதேதான்! 3.55-ஐ 4.11-ஆல் வகுத்தால் 0.86. அதாவது அந்தப் பெட்டியை வாங்கி, அடாப்டர் தட்டு வாங்கி, கிளட்ச் தட்டு மாற்றி, புது ஷாஃப்ட் செய்து, தரையில் ஓட்டை போட்டு, கடைசியில் உச்ச கியரில் ஒரு ஜோடி பற்சக்கரத்தின் பலன். இடைக் கியர்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் எதற்காக இறங்கினோமோ அந்த வேலை நடக்காது.

நாங்கள் தேடியது 3.76, 2.18, 1.42, 1.00, 0.72 என்ற அடுக்கு. பெட்டியின் வால் பக்கம் ஒரு போல்ட்டில் சின்ன அலுமினியத் தகடு தொங்கும், 1352 என்று தொடங்கும் எண்ணோடு. அதை வைத்து விகிதத்தைத் தெரிந்துகொள்ளலாம். பழைய வண்டி உடைக்கும் இடம் ஒன்றில் கிடைத்த முதல் பெட்டியில் அந்தத் தகடு இல்லை. "ஓவர்டிரைவ் பெட்டிதான், எல்லாம் ஒண்ணுதான்" என்றார் கடைக்காரர். ஓவர்டிரைவ் என்பது பொய்யில்லை, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

தகடு இல்லாவிட்டாலும் பெட்டியே சொல்லிவிடும். ஐந்தாவது கியரில் போட்டு, முன் ஷாஃப்டிலும் பின் ஷாஃப்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, முன் ஷாஃப்டைக் கையால் பத்துச் சுற்று சுற்ற வேண்டும். பின் ஷாஃப்ட் பதினான்கு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றினால் 0.72. பதினொன்றரையைத் தாண்டி நின்றால் 0.86. இந்தப் பெட்டி பதினொன்றரையைச் சற்றுத் தாண்டியதும் நின்றுவிட்டது. அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.

இரண்டாவதாகக் கிடைத்ததில் தகடு இருந்தது. தகடு இருந்தும் சுற்றிப் பார்த்தோம். கோடு பதினான்குக்குச் சற்று முன்னால் நின்றது. அதன் முகப்பில் கீழ் ஷாஃப்ட் இருக்கும் இடத்தில் டேப்பர் ரோலர் பேரிங்கின் வெளிவளையம் தெரிந்தது. 'வேர்ல்டு கிளாஸ்' டி-5-க்கு அடையாளம் அது. பழைய வகையில் அந்த இடத்தை உலோக மூடி அடைத்திருக்கும். இதைப் பார்ப்பது ஆயிலுக்காகவும் முக்கியம். வேர்ல்டு கிளாஸ் பெட்டிக்கு ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினால் கியர் உரசாமல் விழ உதவும் அதன் சின்க்ரோ வளையங்கள் சரியாகப் பிடிக்காது. கியர் விழவில்லை என்று நல்ல பெட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

டார்க் டியூப் என்ற தடை

பெட்டி கையில் வந்துவிட்டது, மாட்டிவிடலாம் என்றால் முடியாது. 1954 வரை இந்த அரை டன் பிக்கப்பில் டிரைவ் ஷாஃப்ட் திறந்த வெளியில் சுற்றுவதில்லை. ஒரு இரும்புக் குழாய்க்குள் ஓடுகிறது. டார்க் டியூப் என்பது அதுதான். குழாயின் பின்முனை அச்சோடு இறுக்கமாகச் சேர்ந்திருக்கும். முன்முனை பெட்டியின் வாலில் ஒரு உருண்டை மூட்டில் வந்து முடியும். கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் யுனிவர்சல் ஜாயிண்ட் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அந்த உருண்டைக்குள் பெட்டியின் ஆயிலிலேயே நனைந்துகொண்டிருக்கும். சக்கரம் வண்டியை முன்னே தள்ளும் விசையும், அச்சு முறுக்கிக்கொள்ளும் விசையும் இந்தக் குழாய் வழியாகத்தான் வருகின்றன. பெட்டியைக் கழற்ற வேண்டுமானால் பின் அச்சையே பின்னால் நகர்த்த வேண்டியிருக்கும்.

டி-5-க்குத் திறந்த ஷாஃப்ட்தான் தெரியும். ஆகவே கியர்பாக்ஸைத் தேர்ந்தெடுத்த மாத்திரத்தில் பின் அச்சையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். 1955 மார்ச்சில் வந்த புது வரிசை பிக்கப்பின் அச்சு திறந்த ஷாஃப்ட் வகை. ஆறு போல்ட் சக்கரத்தையும் ஏற்கும், பழைய லீஃப் ஸ்பிரிங்குகளின் மேல் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் உட்காரும். எங்களுக்குக் கிடைத்த அச்சின் விகிதம் 3.90.

இப்போது கணக்கை மறுபடி போடுங்கள். ஐந்தாவதில் 0.72 பெருக்கல் 3.90, 60 மைலில் 2,000-க்குச் சற்றுக் குறைவு. நான்காவது நேரடி, மொத்தம் 3.90, பழைய வண்டியின் மூன்றாவது கியருக்குக் கிட்டத்தட்ட அதே குணம். மேடு வந்தால் 50 மைலில் நான்காவதுக்கு இறக்கினால் 2,300 சுற்று, இன்ஜினுக்கு வலியில்லை. முதல் கியரில் மொத்தம் 14.7, பழையது 12.1. பாரத்தோடு கிளம்பினால் கிளட்ச் தேயாது.

3.55 அச்சும் 0.72 பெட்டியும் சேர்த்தால் இன்னும் குறையுமே என்று நண்பர் கேட்டார். குறையும், 1,800-க்கு வரும். சமதரையில் சுகம். ஆனால் காற்று எதிர்த்து அடித்தாலே 90 குதிரை திணறும். ஐந்தாவது கியர் அலங்காரமாகிவிடும்.

மாட்டியபோது

இன்ஜின் மாறாததால் பழைய பெல் ஹவுசிங், கிளட்ச் ஃபோர்க், பெடல் கம்பிகள் எல்லாம் அப்படியே நின்றன. 1955-க்குப் பிந்தைய பெல் ஹவுசிங்கைத் தேடிப் போயிருந்தால் ஃப்ளைவீல் தலைவலி வந்திருக்கும். 6 வோல்ட் காலத்து ஃப்ளைவீலுக்கு 139 பற்கள், 12 வோல்ட் காலத்ததற்கு 168. ஸ்டார்ட்டரும் அதற்கேற்ப மாறும். பழைய ஹவுசிங்குக்கும் டி-5-க்கும் நடுவே அடாப்டர் தட்டு. டி-5-இன் முன் ஷாஃப்ட் பற்களுக்கு ஏற்ற கிளட்ச் தட்டு, கிராங்க் முனையில் அந்த ஷாஃப்டின் நுனியைத் தாங்க ஒரு புது பைலட் புஷ்.

நேரம் பிடித்தது மையப்படுத்துவதில்தான். ஃப்ளைவீலில் டயல் கேஜைக் காந்தத்தால் ஒட்டி, அதன் ஊசி அடாப்டர் தட்டின் நடுத்துளையைத் தொடும்படி வைத்து, இன்ஜினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். ஊசியின் மொத்த ஆட்டம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்குக்குள் இருக்க வேண்டும். எங்கள் ஊசி அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஆடியது. தட்டின் போல்ட்டுகளை லேசாகத் தளர்த்தி, மரச்சுத்தியால் தட்டித் தட்டி நகர்த்தி, எல்லைக்குள் வந்ததும் இறுக்கி, தட்டு நகராமல் இருக்க அந்த இடத்திலேயே டவல் பின் என்ற ஆணி அடித்தோம். இதைச் செய்யாமல் மாட்டினாலும் வண்டி ஓடும். ஆனால் டி-5-இன் முன் பேரிங் சீக்கிரமே முனகத் தொடங்கும். 'டி-5 பலவீனமான பெட்டி' என்ற பெயருக்கு இந்த அலட்சியமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டியிருந்தது. இந்த வண்டியில் இன்ஜினின் பின் மவுன்ட்டுகள் பெல் ஹவுசிங்கின் இரு பக்கமும் இருக்கின்றன. பெட்டி அதிலிருந்து தொங்குகிறது. வாலுக்கு ஒரு குறுக்குச் சட்டம் கொடுக்கலாமா வேண்டாமா? சேஸிஸ் பழைய ஏணி வகை, மேடுபள்ளத்தில் முறுக்கிக்கொள்ளும். வாலை இறுக்கிக் கட்டினால் அந்த முறுக்கை அலுமினியப் பெட்டி வாங்கிக்கொள்ளும். அதனால் மெத்தென்ற ரப்பர் மவுன்ட் வைத்து, எடையைத் தாங்கும் அளவுக்கு மட்டும் சட்டம் கொடுத்தோம். அதையும் வெல்டு செய்யவில்லை, போல்ட்தான்.

ஷாஃப்ட் உள்ளூர் பட்டறையில் அளவெடுத்துச் செய்து பேலன்ஸ் பார்த்தது. பெட்டியின் வால் எத்தனை டிகிரி கீழ்நோக்கி இருக்கிறதோ, பினியன் அத்தனை டிகிரி மேல்நோக்கி இருந்தால்தான் இரண்டு யுனிவர்சல் ஜாயிண்ட்டுகளும் ஒன்றின் அதிர்வை ஒன்று ஈடுகட்டும். லீஃப் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து அதைச் சரிசெய்தோம். தரை மூடியில் ஓட்டை போட நண்பருக்கு மனம் வரவில்லை. தனியாக ஒரு பழைய மூடி வாங்கி அதை வெட்டினோம், மூல மூடி பத்திரமாக இருக்கிறது. டார்க் டியூபும் 4.11 அச்சும் மூன்று கியர் பெட்டியும் கராஜ் பரணில் இருக்கின்றன. சேஸிஸில் வெட்டோ வெல்டோ இல்லாததால், பிற்பாடு வாங்குகிறவர் விரும்பினால் எல்லாவற்றையும் பழையபடி மாட்டிக்கொள்ளலாம்.

சாலையில்

இந்த வண்டியில் டாக்கோமீட்டர் கிடையாது. இக்னிஷன் காயிலில் கிளிப் மாட்டும் பழைய கைமீட்டரை வைத்துப் பார்த்ததில் 60 மைலில் ஊசி 2,000-ஐ ஒட்டி நின்றது. ஜான்சன் சிட்டிக்கு முந்தைய மேடுகளில் நான்காவதுக்கு இறக்க வேண்டியிருக்கிறது, எதிர்பார்த்ததுதான். முதல் கியருக்கும் சின்க்ரோ இருப்பதால் சிக்னலில் முழுதாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பழைய பெட்டியில் அப்படிச் செய்தால் பற்கள் கத்தும்.

இழப்பும் உண்டு. நடுவில் உட்காருபவரின் முழங்கால் இரண்டாவது, நான்காவது கியருக்குத் தடை. நண்பரின் மனைவி அந்த இடத்தில் உட்கார மறுத்துவிட்டார், நியாயம்தான். ஸ்டியரிங் தண்டில் பழைய கியர் கைப்பிடி வெறுமனே நிற்கிறது, அதை எடுக்க நண்பருக்கு இஷ்டமில்லை. ஸ்பீடோமீட்டர் 3.90 அச்சுக்கு ஏற்ற பற்சக்கரம் மாற்றியபின்தான் சரியான வேகம் காட்டியது.

அப்புறம் பிரேக். முன்பு 50-க்கு மேல் போக இன்ஜினே விடாது, அதனால் பிரேக்கின் வண்டவாளம் வெளியே தெரியவில்லை. இப்போது வண்டி 60-இல் அலட்டாமல் ஓடுகிறது, நிறுத்துவதோ இன்னும் 1953-இன் டிரம்கள்தான். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர். ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டர் ஆர்டர் செய்தாயிற்று. அது தரைக்கு அடியில் பழைய சிலிண்டர் இருக்கும் இடத்திலேயே உட்காருமா, டி-5-க்குப் போட்ட குறுக்குச் சட்டத்தில் இடிக்குமா என்று அடுத்து அளந்து பார்க்க வேண்டும். அது வந்து மாட்டும்வரை 50-க்கு மேல் போவதில்லை என்று நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.